ஒன்றரை மாதம் முதல் ஒன்றரை வயது வரை: ஹெச்.ஐ.வி. உள்ள தாயின் கைக்குழந்தையைத் தொற்றுகளிலிருந்து காக்கும் வழி

“நல்லாத்தானே இருக்கான், இவனுக்கு எதுக்கு மருந்து?”

ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பது பெரும்பாலும் குழந்தையின் ஆச்சி. விவரம் தெரிந்தும் கேட்பார்கள், தெரியாமலும் கேட்பார்கள். பக்கத்தில் குழந்தையின் அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். கேள்வியில் தப்பே இல்லை. ஒன்றரை மாதக் குழந்தை கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டு கிடக்கும். அதன் வாயில் தினமும் ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப்பை ஊற்றச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்?

அந்தக் கேள்விக்கு விரிவான பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கர்ப்பத்தின்போதோ பிரசவத்தின்போதோதான் தனக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, இப்போது கையில் குழந்தையோடு முதல்முறை இந்த உலகத்துக்குள் நுழையும் அம்மா அப்பாவுக்கானது. புதிதாக வேலையில் சேர்ந்த கிராம சுகாதார செவிலியருக்கும் பயன்படும். உங்கள் குழந்தையின் எடையையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து மருத்துவர் வேறு அளவு சொன்னால் அவர் சொன்னதே சரி.

முதலில் ஒன்று புரிய வேண்டும்

ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது ஹெச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து தரும் இடத்தில், ‘ஓ.ஐ.’ என்று அடிக்கடி சொல்வார்கள். சந்தர்ப்பவாத நோய்த்தொற்று என்பதன் சுருக்கம் அது. சந்தர்ப்பம் பார்த்துக் காத்திருக்கும் கிருமி. நம் வாயிலும் நுரையீரலிலும் குடிதண்ணீரிலும் அது எப்போதும் இருக்கிறது, நம்மை ஒன்றும் செய்வதில்லை. எதிர்ப்புச் சக்தி தளர்ந்த உடம்பைக் கண்டால்தான் வேலையைக் காட்டும்.

இவற்றில் கைக்குழந்தைக்கு மிகப் பெரிய எதிரி நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை. நுரையீரலைத் தாக்கும். இதன் கதையைச் சொன்னால் விஷயம் சட்டென்று விளங்கும் என்பதால் ஆலோசனையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவின் அனாதை இல்லங்களில் குறைமாதக் குழந்தைகளும் சவலைப் பிள்ளைகளும் பிறந்த சில மாதங்களில் மூச்சுத் திணறி அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம் நெடுநாள் தெரியவில்லை. 1952இல் செக் நாட்டின் வானெக், யீரோவெட்ஸ் என்ற இருவர் அந்தக் குழந்தைகளின் நுரையீரலில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் அதன் பெயரில் யீரோவெட்ஸின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது ஹெச்.ஐ.வி. என்ற பேச்சே கிடையாது. பசியும் குறைப்பிரசவமும் அந்தக் குழந்தைகளின் எதிர்ப்புச் சக்தியைக் கரைத்திருந்தன, பூஞ்சை உள்ளே புகுந்தது. ஆகவே இது ‘எய்ட்ஸ் கிருமி’ அல்ல. உங்களுக்கும் எனக்கும் சின்ன வயதில் வந்து, சளியோ என்று நினைக்கும்படி போய்விட்ட ஒன்றுதான்.

ஹெச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளை இது பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிடிக்கிறது. குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா இல்லையா என்ற பரிசோதனை முடிவு கைக்கு வருவதற்குள் இந்தப் பூஞ்சை வந்துவிடலாம். அதற்கு முன் குழந்தை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நன்றாக இருக்கும் குழந்தைக்கு மருந்து கொடுப்பதன் காரணம் இவ்வளவுதான்: நன்றாக இல்லாமல் போகும் நாளுக்குக் காத்திருந்தால், அன்றைக்குத் தொடங்கும் மருந்து எட்டாமல் போகலாம்.

படி 1: பிறந்த நாள் முதல் ஆறு வாரம்

தாய் மருந்து எடுக்காமல் இருந்தால், கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று போகும். தாய் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காக எடுத்து, குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால் இது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். எனவே இந்தக் கட்டுரையின் முதல் மருந்து குழந்தையின் வாய்க்குப் போவதல்ல, உங்கள் வாய்க்குப் போவது. அதை ஒரு வேளைகூட விடாதீர்கள்.

குழந்தைக்குப் பிறந்தவுடன் நெவிராபின் என்ற ஹெச்.ஐ.வி. தடுப்புச் சிரப் தொடங்குவார்கள். தினம் ஒரு வேளை, ஆறு வாரம். பிரசவத்துக்குச் சற்று முன்தான் தாய்க்குத் தொற்று தெரிந்தது, அல்லது தாயின் வைரஸ் அளவு ஒரு மில்லிக்கு 1000க்கு மேல் இருக்கிறது என்றால் அதோடு ஜிடோவுடின் என்ற இன்னொரு தடுப்பு மருந்தும் சேரும். அப்படிப்பட்ட குழந்தை தாய்ப்பால் குடித்தால் 12 வாரம் வரை நீளும். டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்த மருந்து, எத்தனை மில்லி, எந்தத் தேதி வரை. பிரசவ வார்டின் சந்தடியில் வாயால் சொன்னது வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துபோகும்.

காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றை, நோய் அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு மற்றக் குழந்தைகளைப் போலவே பிறந்தவுடன் போட்டுவிடுவார்கள். வீட்டுப் பிரசவம் போன்ற காரணத்தால் பி.சி.ஜி. தள்ளிப்போய், அதற்குள் குழந்தைக்கு ஹெச்.ஐ.வி. என்று தெரிந்துவிட்டால் மட்டும் அதைப் போட அவசரப்படக் கூடாது. அது உயிருள்ள கிருமியால் ஆன ஊசி. மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம்.

படி 2: ஒன்றரை மாத ஊசி போடும் நாள்

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது: ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி. அந்த முதல் நாளோடு இரண்டு வேலைகளை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தம். தடித்த அட்டை ஒன்றில் வட்ட வட்டமாகச் சொட்டுவிட்டு, காயவைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். “நமக்குச் செய்த மாதிரி உடனே முடிவு சொல்லும் டெஸ்டை ஏன் செய்யவில்லை?” என்று கேட்பார்கள். அந்த டெஸ்ட், கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. அம்மாவின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் ஒன்றரை வயது வரைகூட ரத்தத்தில் கிடக்கும். அந்த டெஸ்டைச் செய்தால் தொற்றில்லாத குழந்தைக்கும் ‘பாசிட்டிவ்’ என்றே காட்டக்கூடும். அட்டையில் எடுத்த ரத்தத்தில் தேடுவது வைரஸையே. ஆகையால் யாராவது தனியார் லேபில் நாலு மாதக் குழந்தைக்கு சாதாரண ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து ‘பாசிட்டிவ்’ என்று காகிதம் கொடுத்தால், அதைப் பார்த்து அழாதீர்கள். அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு நம்பிக்கை மையத்துக்கு வாருங்கள். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் மறுபடி பரிசோதனை உண்டு. முதல் முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும் தாய்ப்பால் தொடரும் வரை கதை முடியவில்லை.

இரண்டு, கோட்ரிமாக்சசோல் சிரப். இதைத்தான் ஆச்சிகள் கேள்வி கேட்கிறார்கள்.

படி 3: அந்தச் சிரப்

சல்ஃபாமெதாக்சசோல், டிரைமெத்தோப்ரிம் என்ற இரண்டு மருந்துகளின் கூட்டு. மருந்துக் கடையில் பேக்ட்ரிம், செப்ட்ரான் என்ற பெயர்களில் பல காலமாகப் புழங்குவது. புற்றுநோய் சிகிச்சை எடுக்கும் குழந்தைகளை இதே பூஞ்சை நிமோனியாவிலிருந்து இந்த மருந்து காக்கிறது என்பது 1977இலேயே அமெரிக்காவில் நிரூபணமானது. 2004இல் ஜாம்பியாவில் ஹெச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இறப்பு 43 சதவீதம் குறைந்தது. பூஞ்சையை மட்டுமல்ல, சாதாரண நிமோனியாக் கிருமிகள் சிலவற்றையும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியையும் சேர்த்துத் தடுக்கும்.

ஏன் பிறந்த அன்றே தொடங்குவதில்லை? சல்ஃபா மருந்து, பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலையை மோசமாக்கும். அதனால்தான் ஆறு வாரம் வரை பொறுக்கிறார்கள்.

அளவு: 5 மில்லியில் 40 மி.கி. டிரைமெத்தோப்ரிம், 200 மி.கி. சல்ஃபா இருக்கும் சிரப் என்றால், எடை ஐந்து கிலோவுக்குள் உள்ள குழந்தைக்கு 2.5 மில்லி, ஐந்திலிருந்து பத்து கிலோ வரை 5 மில்லி. தினம் ஒரே வேளை. சிரப் கிடைக்காதபோது குழந்தைகளுக்கான சின்ன மாத்திரை தருவார்கள். அதில் ஒன்று 2.5 மில்லிக்குச் சமம். பொடித்துக் கொஞ்சமே கொஞ்சம் தாய்ப்பாலிலோ கொதித்து ஆறிய தண்ணீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். குழந்தை ஐந்து கிலோவைத் தாண்டியதும் அளவு மாற வேண்டும். இதை மறக்கிறவர்கள் அதிகம். அங்கன்வாடியில் எடை போடும்போதெல்லாம் சிரப் பாட்டிலின் மேல் ஒட்டிய தாளிலும் எடையைக் குறித்துவையுங்கள்.

கொடுக்கும் விதத்தில் சில நுணுக்கங்கள் உண்டு. பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள், மருந்து அடியில் தங்கும் ரகம். குலுக்காமல் கொடுத்தால் முதல் வாரம் இனிப்புத் தண்ணீரும் கடைசி வாரம் இரட்டிப்பு மருந்துமாகப் போகும். அளவுக்கு ஊசி இல்லாத சிரிஞ்சோ மூடியோடு வரும் அளவுக் குப்பியோதான். வீட்டுத் தேக்கரண்டி வேண்டாம், ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு அளவு. சங்கில் பாலோடு கலந்து ஊற்றாதீர்கள். பிள்ளை பாதியில் துப்பினால் எவ்வளவு உள்ளே போனது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் விழுங்கிவிடும். கொடுத்த அரை மணிக்குள் கக்கிவிட்டால் அதே அளவை மறுபடி கொடுங்கள்.

உடம்பில் சிவப்புத் தடிப்பு, வாயிலோ கண்ணிலோ புண், தோல் உரிதல், திடீரென்று வெளிறிப்போதல், கண் மஞ்சளாதல், இதில் எது கண்டாலும் சிரப்பை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம். அபூர்வம்தான், ஆனால் அபூர்வம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாத விஷயம். ஜி6பி.டி. குறைபாடு (சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறை) குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் உங்கள் தொற்று தெரிந்திருக்காது. “இது என்ன பாட்டில்?” என்று கேட்பார்கள். கோட்ரிமாக்சசோல் சளிக்கும் வயிற்றுப்போக்கிற்கும் எல்லா டாக்டரும் எழுதும் மருந்து. அதன் லேபிளில் ஹெச்.ஐ.வி. என்ற எழுத்தே இருக்காது. அந்த பாட்டிலை ஒளித்துவைக்க அவசியமில்லை. ஒளித்துவைப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும், வேளை தவறவும் வைக்கும். டி.வி. பக்கத்தில் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். வெயிலும் மற்றப் பிள்ளைகளின் கையும் படாமல் இருந்தால் போதும்.

படி 4: மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

வீட்டில் ஒரு அம்மா செய்யக்கூடிய மிகப் பெரிய பரிசோதனை இதுதான், செலவும் இல்லை. குழந்தை அழாமல், பால் குடிக்காமல், தூங்கும்போது வயிற்றைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். வயிறு ஒருமுறை எழும்பித் தாழ்ந்தால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது.

இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், அதற்குப் பின் 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு. நல்ல நாளில் நாலைந்து முறை எண்ணிப் பழகிக்கொண்டால், உங்கள் குழந்தையின் சாதாரண எண்ணிக்கை உங்களுக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

நியூமோசிஸ்டிஸ் ஏமாற்றும் நோய். காய்ச்சல் லேசாக இருக்கும், சில குழந்தைக்கு இருக்கவே இருக்காது. இருமல் வறட்டு இருமலாகக் கொஞ்சம்தான். மூக்கு ஒழுகுவது, கரகரவென்ற சளிச் சத்தம் போன்ற நமக்குப் பழகிய அடையாளங்கள் அவ்வளவாக இருக்காது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நெஞ்சு கிட்டத்தட்ட சுத்தமாகக் கேட்கலாம். ஆனால் குழந்தை ஓடிவந்த நாயைப் போல மூச்சு வாங்கும். நாலு உறிஞ்சு பால் குடித்துவிட்டு மூச்சுக்காக மார்பை விட்டுவிடும். விலாவின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழியும். உதடும் நாக்கும் நீலம் பூக்கும். கேட்கும் சத்தத்துக்கும் படும் பாட்டுக்கும் பொருத்தமே இல்லாமல் இருப்பதுதான் இதன் அடையாளம்.

எனக்குத் தெரிந்த ஒரு குழந்தைக்கு அப்போது மூன்றரை மாதம். மருந்துக் கடையில் ‘சளி’ என்று சொல்லி இருமல் சிரப் வாங்கி இரண்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தபோது நான் போய்ப் பார்த்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த பையில் நாங்கள் கொடுத்த கோட்ரிமாக்சசோல் பாட்டில் சீல் உடைக்காமல் இருந்தது. யாரையும் திட்டத் தோன்றவில்லை. குழந்தை நன்றாக இருந்த நாளெல்லாம் அது தேவையில்லை என்றே பட்டிருக்கிறது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து அந்தக் குழந்தை பிழைத்தது.

வேகமான மூச்சு மட்டும் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. நெஞ்சு குழிதல், நீலம், பால் குடிக்க முடியாமை, எழுப்பினாலும் எழாமை என்றால் உடனே 108. ஆஸ்பத்திரியில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “நான் ஏ.ஆர்.டி. எடுக்கிறேன், இது என் குழந்தை, கோட்ரிமாக்சசோல் இத்தனை நாளாகக் கொடுக்கிறேன்,” அல்லது “கொடுக்கவில்லை.” கைக்குழந்தையிடம் சளி மாதிரி எடுத்துக் கிருமியைக் காட்டுவது கடினம். சந்தேகம் வந்தாலே அதே மருந்தைப் பெரிய அளவில் தொடங்கி 21 நாள் தருவார்கள். நீங்கள் சொல்லாமல் மறைத்தால் அந்தச் சந்தேகமே அவர்களுக்கு வராது. கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் “டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்” என்று கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி உங்கள் விவரத்தைக் காப்பது அவர்கள் கடமை. தொற்றைக் காரணம் காட்டி சிகிச்சை மறுப்பதையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பற்றி: பெரியவர்களுக்கானதைக் கைக்குழந்தையின் விரலில் மாட்டிப் பார்த்து “98 இருக்கு” என்று நிம்மதி அடையாதீர்கள், 80 என்று பார்த்துப் பதறவும் வேண்டாம். அது அந்த விரலுக்குச் செய்ததல்ல.

படி 5: மற்றவை

வாய்ப்புண். நாக்கிலும் கன்னத்தின் உள்ளேயும் தயிர் ஒட்டியது போல் வெள்ளைப் படலம். ஈரத்துணியால் துடைத்தால் போவது பால், போகாதது பூஞ்சை. முதல் சில வாரங்களில் எந்தக் குழந்தைக்கும் வரும், சொட்டு மருந்தில் போய்விடும். மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வந்தால், தொண்டை வரை இறங்கி விழுங்க அழுதால், ஏ.ஆர்.டி. மையத்தில் காட்ட வேண்டும். அப்போது உங்கள் மார்புக் காம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மருந்து போடாவிட்டால் குழந்தை உங்களிடமிருந்தும் நீங்கள் குழந்தையிடமிருந்தும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

வயிற்றுப்போக்கு. 14 நாளுக்கு மேல் நீடித்தால் அது சாதாரணப் பேதி அல்ல. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகளைத் தேட வேண்டும். அதை குளோரின் கொல்லாது, கொதி கொல்லும். ஆறு மாதத்துக்குப் பின் இணை உணவு தொடங்கும்போது தண்ணீரைக் குமிழி விட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். “கேன் தண்ணீர்தானே, கொதிக்க வைக்கணுமா?” ஆமாம், வைக்கணும்.

காசநோய். குழந்தைக்கு இது வெளியிலிருந்து வருவதைவிட, அதைத் தூக்கிக் கொஞ்சும் ஒருவரிடமிருந்தே அதிகம் வரும். வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், அவர் தாத்தாவோ, மாமாவோ, நீங்களோ, முதலில் சளிப் பரிசோதனை. காசநோய் உறுதியானால் குழந்தையையும் பரிசோதித்து, நோய் இல்லை என்றால் ஐசோனியாசிட் தடுப்பு மருந்து ஆறு மாதம் வரை தர முடிவு செய்வார்கள். கைக்குழந்தைக்குக் காசநோய் இருமலாகத் தெரிவதைவிட எடை ஏறாமல் நிற்பதாகவே தெரியும். இரண்டு மாதம் எடை ஒரே இடத்தில் நின்றால் “பல் முளைக்குது, அதான்” என்று விட்டுவிடாதீர்கள்.

அம்மை. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அம்மை கண்டால் வேப்பிலை கட்டுவது உங்கள் நம்பிக்கை, நான் குறுக்கே வரவில்லை. ஆனால் குழந்தை அந்த அறையில் இருந்தது என்றால் கொப்புளம் வரும் வரை பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே தரும் மருந்துகள் உண்டு, நாள் கடந்தால் பயனில்லை. உதட்டோரத்தில் நீர்க்கொப்புளம் உள்ள யாரும் குழந்தையை முத்தமிட வேண்டாம்.

படி 6: வீட்டு வழக்கங்களில் கொஞ்சம் கறார்

நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்கு நடக்கும் சில காரியங்கள் எந்தக் குழந்தைக்கும் நல்லதல்ல. இந்தக் குழந்தைக்கு ஆபத்தே. சேனை வைப்பது, கழுதைப்பால், உரை மருந்து, தேன், கிரைப் வாட்டர் எல்லாம் முதல் ஆறு மாதம் வேண்டவே வேண்டாம். குளிப்பாட்டும் பாட்டி மூக்கிலும் காதிலும் வாயால் ஊதுவதும், எண்ணெய் விடுவதும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே ஒரு நிமோனியா. தொக்கம் எடுக்கக் கூட்டிப் போவார்கள். மூச்சு வாங்கும் குழந்தைக்குத் தொக்கம் எடுக்கப் போன அரை நாள் திரும்பக் கிடைக்காது. சாம்பிராணிப் புகை நுரையீரலை எரிச்சலூட்டும். தலைமுடி காய வெறும் துணி போதும்.

மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? “டாக்டர் திட்டுறாங்க அத்தை” என்று பழியை எங்கள் மேல் போடுங்கள். அதற்காகத்தான் இருக்கிறோம்.

பால் விஷயத்தில் ஒரே விதி: கலப்புக் கூடாது. தாய்ப்பால் என்றால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட இல்லை, நீங்கள் மாத்திரையைத் தவறாமல் எடுக்கும் நிபந்தனையோடு. வேறு வழியில்லாமல் புட்டிப்பால் என்று முடிவானால் அது மட்டும். பகலில் தாய்ப்பால், இரவில் பசும்பால் என்று மாற்றிக் கொடுத்தால் குடலின் உட்சுவர் புண்பட்டு வைரஸுக்கும் மற்றக் கிருமிகளுக்கும் வழி திறக்கும். நாங்கள் கொடுக்கும் மருந்துகள் (நெவிராபின், கோட்ரிமாக்சசோல், வைட்டமின் சொட்டு) இந்த ‘மட்டும்’ என்பதைக் கெடுக்காது.

படி 7: ஊர் மாறும்போது

தாய் வீட்டிலிருந்து குழந்தையை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குக் கூட்டிப் போவது நம் வழக்கம். மேலே சொன்ன ஆபத்தான மாதங்களும் சரியாக இவைதான். எங்கள் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று குறிக்கப்பட்ட குழந்தைகளில் பலர் இந்தப் பயணத்தில்தான் காணாமல் போனார்கள். சிரப் தீர்ந்திருக்கும், புது ஊரில் எங்கே கேட்பது என்று தெரியாது, கேட்டால் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மையத்தில் சொல்லுங்கள். புகுந்த ஊருக்குப் பக்கத்து மையத்துக்கு மாற்றுக் கடிதம் தருவார்கள், இடைப்பட்ட காலத்துக்குச் சேர்த்து மருந்தும் தருவார்கள். வேண்டுமானால் அடுத்த தாலுகா மையத்தைக் கேட்டு வாங்கலாம், தெரிந்த முகம் இல்லாத இடமாக. ரத்தம் அனுப்பியிருந்தால் முடிவு எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கைபேசி எண் கொடுங்கள். கணவரின் எண்ணா, உங்கள் எண்ணா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வழியில் மாட்டிக்கொண்டால் 1097 என்ற இலவச எண் பக்கத்து மையத்தைச் சொல்லும்.

பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்

உறுதி செய்ய இரண்டாவது மாதிரி எடுப்பார்கள். அந்த முடிவுக்காகக் காத்திராமல் குழந்தைக்கு ஏ.ஆர்.டி. தொடங்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றிய குழந்தைகளில் பாதி இரண்டு வயதைத் தாண்டாது. தென்னாப்பிரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வில், அறிகுறி வரும்வரை காத்திராமல் 12 வார வயதுக்குள் மருந்து தொடங்கிய குழந்தைகளில் இறப்பு 76 சதவீதம் குறைந்தது. இப்போது தண்ணீரில் கரையும் டொலுடெக்ராவிர் என்ற ஏ.ஆர்.டி. மாத்திரையை மூன்று கிலோ எடையிலிருந்தே கொடுக்கலாம். முன்பிருந்த கசப்புச் சிரப்போடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். கோட்ரிமாக்சசோல் நிற்காது, ஐந்து வயது வரை தொடரும்.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் இடது அக்குளில் கட்டி போல் வீங்கலாம். பிறந்தபோது இடது தோளில் போட்ட பி.சி.ஜி.யின் கிருமியை, இப்போது விழித்துக்கொண்ட எதிர்ப்புச் சக்தி எதிர்க்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏ.ஆர்.டி.யை நிறுத்திவிடாதீர்கள். வீக்கத்தைக் காட்டுங்கள், பிதுக்கவோ பற்றுப் போடவோ வேண்டாம்.

அம்மாவுக்கு ஹெச்.ஐ.வி. இல்லை, ஆனாலும் இதெல்லாம் வருகிறது என்றால்

சில குழந்தைகள் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறக்கும். விடாத வாய்ப்புண், விடாத வயிற்றுப்போக்கு, ஏறாத எடை, அடுத்தடுத்து நிமோனியா, அதோடு முன்பு பிறந்த ஒரு குழந்தை ஒரு வயதுக்குள் தொற்றால் இறந்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் இந்தச் சந்தேகத்தை நீங்களே எழுப்புங்கள். சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையிலேயே லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் 3000க்குக் கீழே இருந்தால் மேலே பார்க்க வேண்டும். குடும்பத்தில் அப்படி இறப்பு இருந்தால் அடுத்த குழந்தைக்கு பி.சி.ஜி., ரோட்டா போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைப் போடும் முன் கேட்க வேண்டும். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செய்த ரத்தம்தான். மும்பையின் தேசிய நோய் எதிர்ப்புக் குருதியியல் நிறுவனத்தில் இதைக் கண்டறியும் வசதி உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு. மூன்றரை மாத வயதுக்குள், தொற்று ஏதும் பிடிக்கும் முன் மாற்றினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். இங்கும் காலண்டர்தான் முக்கியம்.

படி 8: ஒன்றரை வயது

பதினெட்டாம் மாதம் கடைசிப் பரிசோதனை. இந்த முறை உங்களுக்குச் செய்த அதே உடனடி டெஸ்ட். அம்மாவின் எதிர்ப்பொருள் கரைந்திருக்கும் என்பதால் முடிவு குழந்தையுடையதே. முந்தைய முடிவுகள் எல்லாமே ‘இல்லை’ என்றிருந்தாலும் இதைத் தவறவிடாதீர்கள். நல்ல செய்தி ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று பலர் இங்கே வருவதில்லை. தாய்ப்பால் இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், தேதி தள்ளிப்போகலாம்.

‘இல்லை’ என்று உறுதியானால் கோட்ரிமாக்சசோலை நிறுத்தச் சொல்வார்கள். அவர்கள் சொன்ன பின் நிறுத்துங்கள். பாட்டிலில் மீதி இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சளிக்குக் கொடுத்துவிடாமல் மையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிரிஞ்சை விளையாடக் கேட்டு அழும், ஒன்றரை வருடமாக தினமும் பார்த்தது. நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம்.